காதி நீதிமன்றத்தில் நபகா கேட்பது: சேவை எப்படி?

வெலிமடையிலோ கம்பளையிலோ ஒரு முஸ்லிம் பெண்ணுக்குக் கணவன் செலவுக்குக் காசு, அதாவது நபகா, தருவதில்லை என்று வையுங்கள். அதே தொல்லையில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் போகும் இடத்துக்கு இவர் போக முடியாது. அந்தப் பெண்ணுக்கு நீதவான் நீதிமன்றம், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், பக்கத்தில் நிற்க ஒரு சட்டத்தரணி, கணவனின் சம்பளத்தில் நேரே பிடித்துக்கொள்ளும் கட்டளை எல்லாம் உண்டு. முஸ்லிம் பெண்ணுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவும், வார இறுதியில், முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதியாருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையும். 48ஆம் பிரிவு இந்த அதிகாரத்தைக் காதியாருக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. போட்டிக் கடை இல்லாத சேவை. அதனால் ‘பிடிக்கவில்லையா, வேறு இடம் பாருங்கள்’ என்று எழுதி முடிக்க வழியில்லை. எப்படிப் பாவிப்பது, எந்த இடத்தில் கிழியும் என்றுதான் சொல்லலாம்.

முதலில் சரக்கான நபகா உரிமையைப் பார்ப்போம், பிறகு கடையான காதி நீதிமன்றத்தை.

சரக்கு தரமானது. மனைவியின் உணவு, உடை, இருப்பிடம் மூன்றும் கணவன் மேல் கடமை. மனைவி வசதிக்காரியாக இருந்தாலும், ஆசிரியையாக இருந்தாலும், குவைத்தில் வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறவராக இருந்தாலும் அந்தக் கடமை குறையாது. அவருடைய உழைப்பு அவருடையது. குர்ஆனின் 4:32 அதைச் சொல்கிறது. 4:34 ஆண்களின் பொறுப்பை அவர்கள் செய்யும் செலவோடு சேர்த்தே பேசுகிறது. அந்த வசனத்தின் முதல் பாதியை மட்டும் ஓதி, செலவைச் சொல்லும் பகுதியை விட்டுவிடும் வழக்கம் நம்மூர்ப் பஞ்சாயத்துகளில் நிறையவே உண்டு. 65:7 அளவையும் சொல்லிவிடுகிறது: வசதியுள்ளவன் வசதிக்கேற்ப, கை இறுகியவன் அல்லாஹ் கொடுத்ததிலிருந்து. அபூஸுஃப்யான் கஞ்சர் என்று அவருடைய மனைவி ஹிந்த் முறையிட்டபோது, உனக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்று நபியவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. கணவனின் அனுமதிகூட அங்கே தேவைப்படவில்லை.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி). அந்த மத்ஹபின் நூல்களில் நபகா கணவனின் மனநிலையைப் பொறுத்ததல்ல. அளந்து வைத்த கணக்கு. வசதியானவன் நாளுக்கு இரண்டு முத்து (தானியம் அளக்கும் அரபு அளவு), நடுத்தரக்காரன் ஒன்றரை, ஏழை ஒன்று. நாலு முத்து ஒரு ஸாஉ, பெருநாளைக்குப் பித்ரா கொடுக்கும் அதே ஸாஉதான். ஒரு ஸாஉ அரிசியை இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் ஒரு முத்து அறுநூறு கிராம் வரும். அதாவது ஏழைக் கணவன் மனைவிக்கு மட்டும் மாதம் 18 கிலோ, வசதியானவன் 36 கிலோ. பிள்ளைகளின் கணக்கு வேறு. ஒரு பெண் நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் அரிசி சாப்பிடுவாரா என்று கேட்கலாம். சாப்பிட வேண்டியதில்லை. அந்த அளவு அவருக்கே சொந்தமாகிறது. மிச்சத்தை விற்கலாம், தாய்வீட்டுக்கும் கொடுக்கலாம். இதற்கு மேல் கறிக்கு எண்ணெய், ஊர் வழக்கப்படி இறைச்சி, சீப்பு, சவர்க்காரம், சமைக்கும் பாத்திரம்.

உடுப்பு வருடத்துக்கு இரண்டு முறை. கோடைக்குச் சட்டை, கால்சட்டை, தலைத்துணி, பாதணி. குளிர்காலத்துக்கு இவற்றோடு ஒரு தடித்த மேலாடையும் சேர்த்துத்தான் அந்த நூல்கள் எழுதியிருக்கின்றன. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஒரு பெண் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு தடித்த போர்வையும் கேட்டால் ‘இதெல்லாம் ஆடம்பரம்’ என்று சொல்ல எந்தக் கணவனுக்கும் கிதாபில் இடமில்லை.

சரக்கில் ஒரு பழுதையும் சொல்லத்தான் வேண்டும். வைத்தியர் கூலியும் மருந்துச் செலவும் கணவன் மேல் இல்லை என்றே பழைய ஷாஃபிஈ நூல்கள் எழுதின. இன்றைய அறிஞர்கள் பலர் அதை ஏற்பதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு அந்தப் பழைய வரியைத் தூக்கிக்கொண்டு வரலாம். ஆகவே மருந்துச் சீட்டுகளைத் தனியே கட்டி எடுத்துப் போங்கள். பிள்ளைப்பேற்றுச் செலவைக் கேட்பதென்றால் அதற்கு 47ஆம் பிரிவில் நேரடியாகவே இடமுண்டு, கிதாபுச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இனிக் கடை.

நாடு முழுவதற்கும் 65 காதிப் பிரிவுகள். காதியாரை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. நன்னடத்தையும் தகுதியும் உள்ள முஸ்லிம் ‘ஆண்’ என்றே சட்டத்தில் இருக்கிறது. பெண் விண்ணப்பிக்கவே முடியாது. முழுநேர வேலையல்ல, சிறு கொடுப்பனவுதான். எனவே பாடசாலை மண்டபம், பள்ளிவாசல் மேல்மாடி, சில வேளை காதியாரின் சொந்த வீட்டு வராந்தா என்று எங்கேயும் அமர்வு நடக்கும். பள்ளிவாசலில் வைத்தால் மாதவிடாய்க் காலத்தில் இருக்கும் பெண் உள்ளே வரத் தயங்கி வெளியே நிற்பதுண்டு. இடத்தைத் தெரிவு செய்பவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

நல்ல பக்கமும் இருக்கிறது. பேசுவது நம் மொழியில். மனைவி, கணவன் இருவரும் தாமே பேச வேண்டும். சட்டத்தரணி தோன்ற முடியாது, அந்தச் செலவும் இல்லை. கண்டியில் ஒரு சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசை நினைத்தால் இது பெரிய ஆறுதல்தான். ஆனால் அதே விதி இரண்டு பக்கமும் வெட்டும். வாய்ச்சாலகமான கணவனும், கூட வந்த நாலு உறவுக்காரரும், முன்பே அறிமுகமான காதியாரும் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண் தனியே நின்றால் ‘சட்டத்தரணி இல்லாததால் இருவரும் சமம்’ என்பது காகிதத்தில் மட்டும்தான். அங்கே வாதாட முடியாவிட்டாலும் விண்ணப்பத்தை எழுத சட்ட உதவி ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே ஆலோசனை கேட்கத் தடையில்லை. முதல் அமர்வுக்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில்தான் பலர் தோற்கிறார்கள். ‘கணவர் செலவுக்குத் தருவதில்லை, நீதி பெற்றுத் தரவும்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தால் காதியார் ஒரு குத்துமதிப்புத் தொகையைச் சொல்லி முடித்துவிடுவார். தொகையை நீங்களே பிரித்து எழுதுங்கள். இந்த உருவில் எழுதினால் போதும்:

‘எதிராளி ____ ஆம் மாதம் முதல் எனக்கும் எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் நபகா தரவில்லை. எனக்கு மாதம் ரூபா ____, மூத்த பிள்ளைக்கு ரூபா ____, இளைய பிள்ளைக்கு ரூபா ____ எனத் தனித்தனியே கேட்கிறேன். ____ மாத நிலுவையாக ரூபா ____ கேட்கிறேன். மணக்கொடையான மஹர் ரூபா ____ (அல்லது ____ பவுன்) இன்னும் தரப்படவில்லை. கைக்கூலியாக என் வீட்டார் கொடுத்த ரூபா ____ஐயும் கேட்கிறேன்.’

தனித்தனியே என்ற சொல்லுக்குக் காரணம் உண்டு. மனைவியின் பங்கு பின்னால் வெட்டப்படலாம். பிள்ளைகளின் பங்கு அதோடு சேர்ந்து போகக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டுவிட்டால், எதை வெட்டினார்கள் என்று பின்பு பிரித்துக் காட்டவே முடியாது. நிலுவையை எழுதச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட நபகா கணவனின் கடனாகவே நிற்கும். நாட்கள் கடந்தால் கரைந்துவிடாது. ஹனஃபி மத்ஹபில் தீர்ப்போ உடன்பாடோ இல்லாமல் போன நாட்களின் நபகா விழுந்துவிடும். விண்ணப்பத் தேதியிலிருந்து மட்டும் கணக்குப் பார்க்கும் காதியாரிடம் உங்கள் மத்ஹபை எழுத்தில் காட்டிக் கேட்க வேண்டும்.

கொண்டு போக வேண்டியவை: விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடைசி மூன்று மாதத்து லைட் பில், வாடகைச் சீட்டு, பாடசாலை வேன் காசுக் கணக்கு. செலவுப் பட்டியலைத் தொகையாக எழுதாமல் அளவாக எழுதுவதே உறுதி. தாயும் இரண்டு பிள்ளைகளுமாக இருந்தால் அரிசி 25 கிலோ, பருப்பு 3 கிலோ, 400 கிராம் பால்மா நாலு பக்கட், 12.5 கிலோ காஸ் ஒன்று, அதற்குக் கீழே பக்கத்துக் கடை விலை. மழை மாதங்களில் ஒரே சோடிச் சப்பாத்து காயாது, பிள்ளைக்கு இரண்டு சோடி வேண்டும் என்பதைப் போன்றவற்றையும் விடாதீர்கள். கொழும்பில் இருந்து வந்து உட்கார்ந்த கணவனுக்கு அது தெரியாது. ஊர்க் காதியாருக்குத் தெரியும்.

கணவனின் வருமானத்தை நிறுவுவதுதான் கடினம். சம்பளச் சீட்டு உள்ளவர் மாட்டிக்கொள்வார். புறக்கோட்டைத் துணிக்கடையில் நாட்கூலி, மரக்கறி லொறி, சொந்த ஓட்டோ என்றால் ‘ஒன்றும் கிடைப்பதில்லை’ என்ற ஒரு வசனம் போதும் அவருக்கு. ஓட்டோவின் இலக்கம், கடையின் பெயர்ப்பலகைப் படம், அவர் அண்மையில் வாங்கிய போன், கட்டிய சீட்டு, இவை எல்லாம் சாட்சிதான். காதியார் தானே தேடிப் போய் விசாரிக்கும் வசதி இந்தச் சேவையில் கிடையாது.

முகவரியில் இன்னொரு ஓட்டை. அழைப்பு பதிவுத் தபாலில் போகிறது. தோட்ட முகவரி என்றால் கடிதம் தோட்டக் கந்தோரோடு நின்றுவிடலாம். கொழும்பில் அறை எடுத்திருப்பவருக்கு ஊர் முகவரியில் அனுப்பினால் அவருடைய உம்மாவே ‘ஆள் இல்லை’ என்று திருப்பிவிடுவார். திரும்பி வந்த ஒவ்வொரு கடிதமும் ஒரு தவணையைத் தின்னும். அடையாள அட்டையில் உள்ள முகவரி, வேலை செய்யும் இடத்து முகவரி இரண்டையும் முதல் நாளே கொடுங்கள்.

அமர்வில் பத்துக்கு எட்டுக் கணவன்மார் ஒரே வாதத்தைத்தான் எடுப்பார்கள்: ‘அவ செல்லாம கொள்ளாம வீட்ட வுட்டுப் போயிட்டா, நபகா எதுக்கு?’ நுஷூஸ், அதாவது மனைவியின் கீழ்ப்படியாமை, என்பார்கள். அனுமதியில்லாமல் வெளியேறினால் மனைவியின் நபகா நிற்கும் என்பது ஷாஃபிஈ நூல்களில் இருப்பது உண்மை. ஆனால் அதே வரியிலேயே விதிவிலக்கும் இருக்கிறது: வீடு இடிந்து விழும் நிலையில் இருந்தால் வெளியேறுவது நுஷூஸ் ஆகாது. மண்சரிவு அபாயம் என்று வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்த வீட்டில் யாரும் இதை விளக்கத் தேவையில்லை. சுவர் விழுவதற்காக வெளியேறலாம் என்றால் கை விழுவதற்காக வெளியேறக் கூடாதா? அடி வாங்கி வெளியேறியிருந்தால் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கமும் வைத்தியசாலைத் துண்டும் கையில் இருக்க வேண்டும். அத்தோடு, நுஷூஸ் நிறுவப்பட்டாலும் பிள்ளைகளின் நபகாவை அது தொடாது. அதனால்தான் தனித்தனியே.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் சாமர்த்தியமானது. தாபரிப்புக் கேட்டு விண்ணப்பம் போன உடனே கணவன் தலாக்குக்கு விண்ணப்பம் கொடுப்பார். அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. மனைவி பஸஹ் (கணவனின் குற்றத்தைக் காட்டிக் கேட்கும் விவாகரத்து) கேட்டால் காரணம், சாட்சி, மூன்று ஜூரிமார் எல்லாம் வேண்டும். தலாக் பதிவாகிவிட்டால் மனைவியின் நபகா இத்தாவோடு (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்) முடியும், கர்ப்பமென்றால் பிரசவம் வரை. அந்த நேரத்தில் ‘நபகா வேண்டாம் என்று எழுதிக் கொடு, பிரச்சினையை முடித்துவிடலாம்’ என்று ஒரு தாள் நீட்டப்படும். களைத்துப் போனவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் ‘பிள்ளைகளின் நபகா தகப்பன் மேல் தொடரும்’ என்ற வரியை எழுதிய பிறகு போடுங்கள். மதாஃ (விவாகரத்தான மனைவிக்குக் கணவன் கொடுக்கும் கொடை) என்ற சொல் நமது சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் குர்ஆனின் 2:241இலும் ஷாஃபிஈ சட்ட நூல்களிலும் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள்.

கட்டளை கையில் கிடைப்பது வரை இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். அதற்குப் பிறகு ஒன்றுதான்.

காசு வரும் பாதை கட்டளையில் எழுதப்படாமல் விடுபடுவதே பெரிய கோளாறு. கணவன் காதியாரிடம் கட்டுவார், மனைவி மாதாமாதம் வந்து வாங்கிப் போக வேண்டும் என்ற பழைய ஏற்பாடு இன்னும் உண்டு. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ‘இந்த மாதம் இன்னும் கட்டவில்லை’ என்று கேட்டுத் திரும்பும் பெண்ணுக்குப் பஸ் காசே ஒரு பால்மா பக்கட். கட்டளை சொல்லப்படும் அந்த நேரத்திலேயே மனைவியின் வங்கிக் கணக்கு இலக்கம், மாதத்தின் எத்தனையாம் தேதி, எத்தனையாம் மாதம் முதல் என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வங்கிப் புத்தகம் பின்னால் நிலுவைச் சாட்சியுமாகும். கையில் வாங்கினால் ‘கொடுத்தேன்’, ‘இல்லை’ என்ற சண்டைக்கு முடிவே வராது.

கட்டாமல் விட்டால் காதியாரால் தானே பிடித்து வாங்க முடியாது. அவர் நிலுவையைச் சான்றுபடுத்தி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அது தண்டப்பணம் அறவிடுவது போல அறவிடப்படும். கடைசியில் எல்லோரும் வந்து சேரும் இடம் அதே நீதவான் நீதிமன்றம்தான், இரண்டு வருடம் பிந்தி. சான்றிதழில் கூட்டல் பிழை, பெயரில் எழுத்துப் பிழை, பழைய முகவரி என்று ஏதாவது இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காதியாரின் கொப்பியை மட்டும் நம்பாமல் நீங்களும் ஒரு கொப்பி வையுங்கள்: மாதம், கிடைக்க வேண்டியது, கிடைத்தது, மிச்சம். நாலு நிரல் போதும். மூன்று மாதத்துக்கு மேல் சேர விடாமல் சான்றிதழ் கேளுங்கள். பெருந்தொகையாகிவிட்டால் தவணை கேட்பார், தவணையையும் கட்டமாட்டார். கணவன் சவூதியிலோ கத்தாரிலோ இருந்தால் கட்டளை சட்டகத்தில் மாட்டி வைக்கும் காகிதமாகிவிடும். இங்கே அவர் பெயரில் இருக்கும் காணி, வாகனம் பற்றிய விவரம் ஒன்றே உதவும்.

கட்டாத கட்டளையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நபகா தராமை பஸஹுக்குக் காரணம். அதற்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி கிடையாது. வக்கற்றுப் போன கணவனுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்து அதன் பின் மண ஒப்பந்தத்தை முறிக்க ஷாஃபிஈ மத்ஹப் இடம் கொடுக்கிறது. மூன்று நாள் என்று எழுதிய கிதாபைப் படித்த சமூகத்தில் பஸஹ் வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடுகின்றன.

அவசரத்துக்கு இன்னொரு கதவு உண்டு, பலருக்கும் தெரிவதில்லை. வீட்டில் வன்முறை இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நேரே நீதவானிடம் போகலாம். அது எல்லா இனத்தவருக்கும் பொது. பாதுகாப்புக் கட்டளையோடு அவசரப் பண உதவியும் கேட்கலாம், சட்டத்தரணியும் கூட வரலாம். காதி வழக்குக்கு அது மாற்றீடல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைத்து, 2018 ஜனவரியில் அறிக்கையும் வந்தது. பெண்களையும் காதியாக நியமிப்பது முதல் மணமகளின் கையெழுத்து வரை அதன் பின் பேசாத கூட்டமில்லை. கடமையைச் செய்யாத ஆண், அதை விசாரிக்கும் ஆண், பஸஹில் பக்கத்தில் உட்காரும் மூன்று ஆண்கள், மேன்முறையீட்டிலும் ஆண்கள் என்ற வரிசையில் ஒரு பெண் தன் மாதவிடாய்த் துணிக்கான செலவை எப்படிச் சொல்வார்? சொல்லாமல் விடுவார். பட்டியலில் அந்த வரி இல்லாமலே கட்டளை போகும். அதனால்தான் பட்டியலை வீட்டிலேயே எழுதி, தாளாகக் கொடுத்துவிடுங்கள் என்கிறோம்.

தொகை போதவில்லை என்றால் கொழும்பிலுள்ள காதிகள் சபைக்கு மேன்முறையீடு. கால எல்லை 30 நாள். கட்டளையின் அத்தாட்சிப் பிரதி இல்லாமல் எதுவும் நகராது. கட்டளை சொன்ன அன்றே எழுத்தில் பிரதி கேட்டு, கேட்ட கடிதத்தின் இரண்டாவது தாளில் தேதியோடு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பதுளையிலிருந்து இரவு ரயிலில் போய் இறங்கிய பிறகு பிரதி இல்லை என்று தெரிந்தால் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை.